வந்தியத்தேவனோடு இந்த ஆடி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக்குப் போய்விட்டு வந்ததும் பரணிலிருந்து கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் நாவலை இறக்கச் சொன்னார் அத்தை. கதையும் ஓர் ஆடிப்பெருக்கன்று, வீராணம் ஏரிக்கரையில்தானே தொடங்குகிறது! கல்கி பத்திரிகையில் 1950 முதல் வாரா வாரம் வந்ததைப் பாட்டி கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த ஐந்து பாகங்கள். மடிப்புகளில் பழைய பின்னின் துருக்கறை. ஓவியர் மணியம் வரைந்த குதிரை வீரன் வந்தியத்தேவன் படத்தின் மேல் மட்டும் தாள் வழவழவென்று இருக்கிறது. பாட்டியும் அத்தையும் எத்தனை முறை தடவினார்களோ.

"அருண்மொழி இருக்கும்போது இவனை ஏன் அத்தை பிடிச்சுது?"

"அருண்மொழியைப் பார்த்தா கும்பிடத்தான்டி தோணும். இவன்னா எதிர்ல உட்கார்ந்து பேசலாம்."

ஆகஸ்ட் 6

அரிசிலாற்றங்கரை அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். பெண்களுக்கு ஆபத்து என்று நினைத்து முதலையைத் தாக்குகிறான். அது செத்த முதலை, உள்ளே பஞ்சு! சோழ இளவரசி குந்தவையின் முன்னால் அசடு வழிய நிற்கிறான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அங்கேதான். முன்னோர் ஆண்ட நாடு கையில் இல்லை. வாய் சும்மா இருக்காது, அவசரக்காரன், மாட்டிக்கொண்டால் பொய்யும் சொல்வான். ஆனால் குந்தவை ஓலையைக் கொடுத்து இலங்கைக்குப் போ என்றால் கடல் கடந்து போகிறான். ராஜ்ஜியக் காரியத்தில் தன்னைவிடக் கெட்டிக்காரியான ஒரு பெண்ணுக்காக ஓடுவதில் அவனுக்குக் கூச்சமே இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து இதைப் படித்த பாட்டிக்கு அது எப்படி இருந்திருக்கும்!

சாண்டில்யனின் கடல் புறா நாவலில் வரும் இளைய பல்லவனும் எனக்குப் பிடித்தவன்தான். அவன் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பான். அவனை அண்ணாந்து பார்க்கலாம், அவனுக்காகப் பதற வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தஞ்சைப் பெரிய கோயில். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவர் கல்லைத் தொடாமல் விரலை நீட்டி, எழுத்தெழுத்தாகக் காட்டினார்: வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார். குந்தவை கோயிலுக்குக் கொடுத்தவற்றைச் சொல்லும் இடத்தில், அவள் கணவனாக அவன் பெயர் வருகிறது. தம்பி ராஜராஜனும் (கதையின் அருண்மொழிதான்) தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு அக்கன் கொடுத்ததைத்தான் சொல்கிறான். கோயில் முடிந்தது 1010-இல். அந்தக் குதிரை, குறும்பு, பஞ்சு முதலை எதுவும் கல்லில் இல்லை. பெயரும் உறவும் மட்டும்தான். மிச்சத்தையெல்லாம் கல்கி தந்தார். நாவலுக்குள் அவர்கள் கல்யாணம் நடப்பதில்லை. கல்லில் அவர்கள் கணவன் மனைவி. கண் கலங்கிவிட்டது எனக்கு.

ஆகஸ்ட் 16

ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயம், 'மலர் உதிர்ந்தது'. வந்தியத்தேவனைக் காதலித்த மணிமேகலை அவன் மடியில் கிடக்கும் பக்கம் வந்ததும் அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இனிமே நீ படி, நான் கேட்கிறேன்" என்றார். படித்தேன்.