ஒன்பது ஸ்விட்சுக்கும் ஒரே எஞ்சின் ஐடி

கப்பலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெஷின்களை நெட்வொர்க்கில் இணைக்கும் ஒன்பது ஸ்விட்சுகளுக்கு எஸ்.என்.எம்.பி. மூன்றாம் பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஸ்விட்சுகளின் நிலையை ஒரு சர்வரிலிருந்து கண்காணிக்க உதவும் நெறிமுறை அது. ஒரு நாள் வேலை என்று போனது, நான்கு நாள் இழுத்துவிட்டது.

அங்கே ஸ்விட்சுகளை ஃபைபரில் வளையமாகக் கோத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் தரவு மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். எதுவும் நிற்காது. அதனாலேயே அறுந்தது யாருக்கும் தெரியாது. இரண்டாவது இடத்திலும் அறுந்தால்தான் இடையில் உள்ள மெஷின்கள் திரையிலிருந்து மறையும். இங்கே அப்படி ஒரு தடவை ஆகியிருக்கிறது. பேனலைத் திறந்தபோது பஞ்சு அப்பி, ஸ்விட்சின் விளக்குகூடத் தெரியவில்லையாம். இனி அறுந்ததுமே தெரிய வேண்டும் என்றுதான் இந்த வேலை.

பழைய பதிப்புகளில் பாஸ்வேர்டு மாதிரியான கம்யூனிட்டி பெயர் மறைக்கப்படாமல் அப்படியே போகும். அதனால் மூன்றாம் பதிப்பு. அனுப்புவது யார் என்று சரிபார்க்க எஸ்.எச்.ஏ., தரவை மறைக்க ஏ.இ.எஸ். இரண்டும் உண்டு. சர்வர் கேட்பதற்கு யு.டி.பி. போர்ட் 161, ஸ்விட்ச் தானாக அனுப்பும் டிராப் என்ற எச்சரிக்கைக்கு 162.

முதல் ஸ்விட்ச் சரியாக வந்ததும் அதன் கான்ஃபிக் ஃபைலை எடுத்து, ஐ.பி.யையும் பெயரையும் மட்டும் மாற்றி மற்ற எட்டிலும் ஏற்றினேன். லேப்டாப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒன்பதும் பதில் சொன்னது. சர்வரிலோ ஒன்று பச்சையானால் இன்னொன்று சிவப்பாகும். "தம்பி, கனெக்டர்ல தூசி இருக்குமோ?" என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன். இருவரும் ஒன்றரை நாள் கனெக்டர்களைத் துடைத்தோம். மாற்றமே இல்லை.

அப்புறம்தான் நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தேன். 'நேர வரம்புக்குள் இல்லை' என்று ஸ்விட்சுகள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. ஃபைலோடு எஞ்சின் ஐடியும், அதாவது எஸ்.என்.எம்.பி.யில் ஒரு ஸ்விட்சின் அடையாள எண்ணும், போயிருக்கிறது. அது ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் வேறாக இருக்க வேண்டும். ஒவ்வொரு எஞ்சின் ஐடிக்கும் எத்தனை முறை பூட் ஆனது, அதன்பின் எத்தனை விநாடி ஓடியது என்று சர்வர் கணக்கு வைத்திருக்கும். பூட் எண்ணிக்கை மாறினாலோ நேரம் 150 விநாடிக்கு மேல் விலகினாலோ ஸ்விட்ச் ஏற்காது. ஒரே ஐடியில் ஒன்பது பெட்டி இருந்தால் கணக்கு எப்படி ஒத்துப்போகும்? லேப்டாப்பில் ஒவ்வொரு கேள்வியும் புதிதாகத் தொடங்குவதால் அங்கே இது தெரியவில்லை.

ஒவ்வொன்றுக்கும் அதனதன் மேக் முகவரியை (தயாரிப்பிலேயே வரும் தனி எண்) வைத்து எஞ்சின் ஐடி கொடுத்தேன். உடனே பயனர் கணக்குகள் செத்துவிட்டன. பாஸ்வேர்டையும் எஞ்சின் ஐடியையும் சேர்த்துத்தான் சாவி உருவாகிறது. ஐடி மாறினால் பழைய சாவி செல்லாது. பயனரை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும். டிராப் வாங்கும் சர்வரிலும் ஒன்பது ஐடிகளையும் தனித்தனியாக எழுதினேன். இதை விட்டால் டிராப் வந்து சேரும், சர்வர் சத்தமில்லாமல் தள்ளிவிடும்.

நான்காம் நாள் சாயங்காலம் அண்ணன் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் ஓரத்தில் ஒரு ஃபைபரைக் கழற்றினார். மெஷின் எதுவும் நிற்கவில்லை. பராமரிப்பு அறையில் மணி அடித்தது. "சரி, மாட்டிருங்கண்ணே" என்று போனில் சொன்னேன்.