ஈர்க்குக் கட்டு

ஜூன் 2, திங்கள்

இன்று தரம் 3க்கு எண்களைச் சொல்லச் சொல்ல எழுத விட்டேன். 19 பிள்ளைகளில் நாலு பேர் இருபத்து மூன்றை 203 என்று எழுதியிருந்தார்கள். முதல் வாங்கில் இருக்கும் பெடியன் தொண்ணூற்றிரண்டுக்கு 102 போட்டிருந்தான். கேட்டால், "நூத்தி ரெண்டு எண்டுதானே ரீச்சர் சொன்னீங்கள்" என்கிறான். அவனில் பிழையில்லை. எண்பது வரைக்கும் பத்து பத்து என்று வந்த தமிழ், 90 இல் சொல்லுக்குள் நூறைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. 900க்கு வந்தால் ஆயிரம்.

வீட்டுக்கு வந்து கொப்பி திருத்தும்போதுதான் உறைத்தது. பழைய தமிழ் இலக்கத்தில் 23 ஐ ௨௰௩ என்று எழுதினார்கள். இரண்டு, பத்து, மூன்று. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி இருந்ததால், இடத்தைக் காட்டப் பூச்சியம் தேவைப்படவில்லை. காதில் விழுந்தபடி எழுதிய பிள்ளைகளும் ஏறத்தாழ அதைத்தான் செய்திருக்கிறார்கள். நானோ சிவப்புப் பேனையால் கீறி வைத்திருக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஆளுக்கு 50 ஈர்க்கு, ஒரு சாண் நீளத்தில், கொண்டுவரச் சொல்லியிருந்தேன். புதுக்குடியிருப்புப் பக்கம் தென்னைக்குக் குறைவில்லை. ஓலை கிழித்து வாருவார்கள் என்று நினைத்தேன். மூன்று பேர் வீட்டு விளக்குமாற்றையே பிரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு தாய் படலையடியில் நின்று, "ரீச்சர், இண்டைக்கு முத்தம் கூட்ட என்ன செய்யிறது?" என்றா.

பத்துப் பத்தாக எண்ணி வாழைநாரால் கட்டினோம். சோளகக் காற்று அடிக்கிற அடியில் பாதி ஈர்க்கு வகுப்புக்கு வெளியே. பக்கத்துப் பிள்ளையின் கட்டை எண்ணிப் பார்க்கச் சொன்னபோது ஒரே சண்டை. ஒன்பது இருந்த கட்டுகள், பதினொன்று இருந்த கட்டுகள். சண்டையை நான் தடுக்கவில்லை. "கட்டு எண்டால் பத்து" என்ற சட்டத்தை அவர்களே போட்டார்கள். நான் பத்துத் தரம் சொல்லியிருந்தாலும் அந்தச் சட்டத்துக்கு அவ்வளவு மரியாதை வந்திராது.

ஜூன் 5, வியாழன்

27 உடன் 15 ஐக் கூட்டினோம். பாயின் நடுவில் வெண்கட்டியால் ஒரு கோடு. இடப்பக்கம் கட்டுகள், வலப்பக்கம் உதிரிகள். உதிரிப் பக்கத்தில் ஒன்பதுக்கு மேல் இருக்கக்கூடாது. ஏழும் ஐந்தும் சேர்ந்து பன்னிரண்டு ஆனவுடன் ஒரு பெட்டை நாரை எடுத்துப் பத்தைக் கட்டி, கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தாள். நாலு கட்டு, இரண்டு உதிரி, 42. கரும்பலகையில் நான் தலைக்கு மேலே போடுகிற அந்தச் சின்ன 1 என்னவென்று கேட்டேன். "அது இந்தக் கட்டு" என்று தூக்கிக் காட்டினாள். இத்தனை வருடமாக "1 மனதில்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யாருடைய மனதில் அது இருந்ததோ.

பிறகு விளையாட்டு. தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஈர்க்கு எடுக்கவேண்டும். பத்துச் சேர்ந்தால் கட்டவேண்டும். பத்துக் கட்டுச் சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு, அதைக் கட்டுபவருக்கு வெற்றி. மணி அடித்தும் எழும்பவில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஈர்க்குக்குப் பதிலாகப் பாலைப்பழம் வைத்துப் பார்த்தேன். எண்ணி முடிக்க முன் கணக்கு வயிற்றுக்குள் போய்விட்டது. பழத்தின் பால் ஒட்டிய உதடுகளோடு எல்லாரும் இளித்துக்கொண்டு நின்றார்கள்.

ஜூன் 11, புதன்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், பிறகு போயா (பௌர்ணமி) விடுமுறை. வந்தது ஏழு பேர், அதிலும் இரண்டு நித்திரை. புதுப்பாடம் தொடங்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

கழித்தல். 42 இலிருந்து 17. கொப்பியில் முக்கால்வாசிப் பேருக்கு 35. இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். எனக்குச் சொல்லித் தந்தபடியே நானும் வாயைத் திறந்தேன்: "பக்கத்து வீட்டில கடன் வாங்கு."

பின்வாங்கில் இருந்து ஒரு கேள்வி: "எப்ப ரீச்சர் திருப்பிக் குடுக்கிறது?"

வகுப்பு சிரித்தது. கேட்டவள் சிரிக்கவில்லை. அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளை. அந்த வீட்டுக்குக் கிழமைக்கிழமை கடன் காசு வாங்க மோட்டார்சைக்கிள் வருவதும், அன்றைக்கு அம்மம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பதும் ஊருக்கே தெரியும். அவளுக்குக் கடன் என்றால் அதுதான். கணக்கில் வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுத்து நான் கண்டதில்லை; அவளுக்குச் சொல்லப் பதிலும் இல்லை.

கரும்பலகையை அழித்துவிட்டுப் பாயில் போய் இருந்தேன். நாலு கட்டு, இரண்டு உதிரி. "ஏழு தா" என்றேன். இரண்டு ஈர்க்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கட்டை எடுத்தாள். வாழைநார் இறுகிப்போயிருந்தது, நகத்தால் முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தாள். மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. "இப்ப எத்தினை ஈர்க்கு?" என்றேன். அவள் எண்ணவில்லை. "அதே நாப்பத்திரண்டுதான். எங்கட கட்டைத்தானே அவிட்டனாங்கள்." ஏழைத் தந்தாள், ஒரு கட்டைத் தந்தாள். மிச்சம் 25.

இனி என் வகுப்பில் கடன் என்ற சொல் இல்லை. அவிழ்க்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 13, வெள்ளி

கடையில் இறப்பர் வளையம் ஒரு பை வாங்கினேன். கட்டுவது பற்றியே யோசித்த எனக்கு, அவிழ்ப்பதும் பாடத்தில் பாதி என்பது அந்தப் பிள்ளையின் பல்லைப் பார்த்தபிறகுதான் விளங்கியது.

ஜூன் 17, செவ்வாய்

கம்பிகளில் மணி போடுகிற எண்சட்டத்தை அவசரப்பட்டு எடுத்துவிட்டேன். பத்தின் கம்பியில் போட்ட ஒரு மணியைக் காட்டி எத்தனை என்றால் "ஒண்டு" என்கிறார்கள். சரிதானே, கண்ணுக்குத் தெரிவது ஒரு மணி. கட்டைப் பிரித்தால் உள்ளே பத்து இருக்கும். மணியைப் பிரிக்க முடியாது. பத்து ரூபாய்க் குற்றியும் அப்படித்தான். இடத்தால் மட்டும் பெறுமானம் வருகிற சாமான்களுக்கு இன்னும் இரண்டு கிழமை போகட்டும். எண்சட்டம் திரும்பவும் அலுமாரிக்குள்.

ஜூன் 19, வியாழன்

203 இலிருந்து 78. வேண்டுமென்றேதான் 203 ஐ எடுத்தேன். அன்றைக்கு இருபத்து மூன்றை அப்படி எழுதிய பெடியனிடம் அதை ஈர்க்கால் வைக்கச் சொன்னேன். இரண்டு பெரிய கட்டு, மூன்று உதிரி. நடுவில் வெறும் பாய். "நடுவில ஒண்டுமில்லை ரீச்சர்." கொப்பியில் அந்த இடத்துக்கு என்ன போடுவாய் என்றேன். பூச்சியத்தைப் போட்டவன், நான் கேட்காமலே முன்பக்கங்களைப் புரட்டி என் சிவப்புக் கீறலைத் தேடிப் பிடித்தான். பக்கத்தில் 23 என்று எழுதினான். பாயில் இரண்டு சின்னக் கட்டையும் மூன்று ஈர்க்கையும் எடுத்து வைத்தான்.

எட்டு எடுக்க உதிரி காணாது, அவிழ்க்கச் சின்னக் கட்டும் இல்லை. குழம்புவார்கள் என்று காத்திருந்தேன். பின்வாங்குப் பிள்ளை வந்து பெரிய கட்டொன்றை அவிழ்த்துப் பத்துச் சின்னக் கட்டாக்கினாள். அதில் ஒன்றை அவிழ்த்தாள். ஒரு பெரியது, ஒன்பது சின்னது, பதின்மூன்று உதிரி. நடுவில் 9 எங்கிருந்து வருகிறது என்று இனி நான் சொல்லித் தரத் தேவையில்லை. மிச்சம் 125.

அடுத்த கிழமை எல்லாருக்கும் நூறு ஈர்க்குள்ள பெரிய கட்டு வேண்டும். கிட்டத்தட்ட 2,000 ஈர்க்கு. படலையடியில் அந்தத் தாயைக் கண்டேன். நான் வாயைத் திறக்க முன்னமே, "ரீச்சர், விளக்குமாறு ஒளிச்சு வைச்சிட்டன்" என்றா.