கூந்தன்குளத்துக் காவல்

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைக் காவலுக்குச் சேருகிறவர்கள் முதலில் நாற்றத்துக்குப் பழக வேண்டும். சித்திரை வெயிலில், கூடுகள் நிறைந்த வேப்பமரத்தடியில் நின்றால் எச்சமும் கக்கிப்போட்ட மீனும் சேர்ந்து குமட்டும். நாங்களாவது சம்பளத்துக்கு நிற்கிறோம். அந்த மரம் இருப்பது ஒரு வீட்டுக் கொல்லையில். துணிக்கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டிக்கொள்வார்களே தவிர, கிளையை வெட்டிவிடச் சொல்லி யாரும் எங்களிடம் வந்ததில்லை. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது 2022-இல். ஊர் தன் காவலை அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வைகாசியில் காற்று அடித்தால் எங்களுக்கு வேலை கூடும். மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சுகள் கூட்டிலிருந்து விழும். விழுந்த குஞ்சைத் தாய் இறங்கி வந்து பார்க்காது. ஒருநாள் மத்தியானம் ஓர் ஆச்சி முந்தானையில் ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தார்.

"ஏ தம்பி, மரத்துல இருந்து விழுந்துட்டு. மூச்சு இருக்கு, பாரு."

வெள்ளைத் தூவி, கறுத்த அலகு, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால். கையில் வாங்கியதுமே பயத்தில் பாதி செரித்த மீனைக் கக்கியது. கண்ணை மறைத்துத் துணியைப் போட்டேன்; அடங்கியது. இறக்கையையும் காலையும் நீவிப் பார்த்தேன். முறிவு இல்லை. தாய் கூட்டில் கக்குவதைப் பொறுக்கித் தின்று வளரும் குஞ்சு இது. வாயில் திணித்தால் துப்பிவிடும். சின்ன மீனாகப் பார்த்து முன்னால் போட்டுவிட்டுத் தள்ளி நின்றால் தானே எடுத்துக்கொள்ளும். அன்று சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொண்டது. அந்த ஆச்சி அதுவரை வீட்டுக்குப் போகவில்லை.

ஆனாலும் எல்லாம் தண்ணீரைப் பொறுத்ததுதான். மணிமுத்தாறு கால்வாயில் தண்ணீர் வந்து குளம் நிறைந்தால், கருவேல மரங்கள் நீருக்குள் நிற்கும். நாயும் பூனையும் எட்டாத அந்த மரங்களில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் நிம்மதியாகக் கூடு கட்டும். அதனால் எல்லாரும் "குளம் நிறைஞ்சிருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். வருஷம் முழுக்க நிறைந்தே கிடந்தால் பாதிப் பறவைக்கு இடமில்லை என்பதைப் புரியவைக்கச் சிரமப்பட வேண்டியிருக்கிறது. நீர் இறங்கி ஓரத்தில் சேறு தெரிந்தால்தான் உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகள் இரை தேட வரும். பூநாரைக்கும் ஆழமில்லாத தண்ணீர்தான் தோது.

இமயமலையைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்துகள் பகலில் குளத்தில் ஓய்வெடுத்துவிட்டு, இருட்டியதும் சுற்றியுள்ள வயல்களில் மேயப் போகும். சரணாலயம் 129 ஹெக்டேர். அந்த வாத்துகளுக்கு அது படுக்கை மட்டுமே. வயல்கள் மனைகளானால் குளத்தை மட்டும் காத்து என்ன பயன்?

கோடையில் எச்சம் ஊறிய வண்டலை வயலுக்கு அள்ளுவார்கள். நல்ல உரம், தடுக்க எங்களுக்கு மனமில்லை. கரையோரச் சரிவைச் செங்குத்தாக வெட்டிவிடாதீர்கள் என்று மட்டும் கூடவே நின்று கேட்டுக்கொள்வோம். சரிவு போனால் அடுத்த தையில் உள்ளானுக்குக் காலூன்றச் சேறு இருக்காது. காரணத்தைச் சொன்னால் மண்வெட்டியைத் தள்ளிப் போடுகிறார்கள்.