பெரிய ரிம்மா, நல்ல டயரா: பெங்களூர் சாலைக்குச் சக்கரம் தேர்ந்தெடுத்தல்

வேகமான கார் ஒன்றை வாங்கியவர்கள் அதில் முதலில் கைவைக்கும் இடம் பெரும்பாலும் சக்கரமாகத்தான் இருக்கிறது. அலுவலகத்தில் என்னுடன் பணியாற்றும் சேலத்துத் தம்பி ஒருவர் அண்மையில் பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ. கார் ஒன்றை வாங்கினார், வண்டி கைக்கு வந்த வேகத்திலேயே, "அண்ணா, பதினெட்டு இன்ச் போட்டுடலாமா, பதினேழு போதுமா?" என்று கேட்டார். தேநீர் இடைவேளையில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல என்பதால் விரிவாக இங்கே எழுதுகிறேன். என் தரப்பை முன்பே சொல்லிவிடுகிறேன்: பிரேக்கில் இடிக்காமல் சுற்றக்கூடிய மிகச் சிறிய ரிம்மை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை டயரில் போட வேண்டும். பெங்களூரில் வண்டி ஓட்டுகிறவருக்கு அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அங்குலமும் தோற்றத்துக்காகக் கொடுக்கும் விலை மட்டுமே.

அந்தக் காரோடு வரும் டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர்16 91வி என்று இருக்கும். 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 91வி என்பதைப் பின்னால் பார்ப்போம். ஆகவே பக்கச்சுவர் ஒவ்வொன்றும் 112.75 மி.மீ., ரிம் 406.4 மி.மீ., டயரின் முழு விட்டம் 631.9 மி.மீ. என்று வருகிறது. ரிம்மை எவ்வளவு மாற்றினாலும் இந்த முழு விட்டத்தை மட்டும் ஏறத்தாழ அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அளவுத் தேர்வின் அடிப்படை. 225/45 ஆர்17 போட்டால் விட்டம் 634.3 மி.மீ.; 225/40 ஆர்18 போட்டால் 637.2 மி.மீ. இரண்டுமே மூல அளவிலிருந்து ஒரு சதவீதத்துக்குள் நிற்கின்றன. ஐரோப்பாவில் இதே உடலமைப்புக்குத் தயாரிப்பாளரே இவ்விரண்டு அளவுகளையும் கொடுத்தார் என்பதும் தற்செயல் அல்ல.

நம் ஊர் வேகத்தடைகளுக்குப் பயந்து, அடிப்பாகம் உயரட்டும் என்று 225/50 ஆர்17 போடுகிறவர்களும் உண்டு. அதன் விட்டம் 656.8 மி.மீ.; கிடைக்கும் உயரமோ விட்டத்தில் கூடியதில் பாதி, அதாவது பன்னிரண்டரை மி.மீ. இதற்காகக் கொடுப்பது என்ன என்று பார்த்தால், கியர் விகிதம் நான்கு சதவீதம் நீண்டு வண்டி மந்தமாகிறது, மட்கார்டின் உட்புறம் டயர் உரச இடம் கிடைக்கிறது, வேகமானியின் கணக்கும் அதே அளவு பின்தங்குகிறது. வேகமானி உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாமே தவிர ஒருபோதும் குறைவாகக் காட்டக் கூடாது என்பது சர்வதேச விதி. அதற்காகத் தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளியைப் பெரிய டயர் தின்றுவிடுகிறது.

விட்டம் மாறாமல் ரிம் பெரிதானால் குறைவது பக்கச்சுவர்தான். பதினாறிலிருந்து பதினெட்டுக்குப் போகும்போது 112.75 மி.மீ. ஆக இருந்தது 90 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. குட்டையான பக்கச்சுவர் வளைவில் குறைவாக நெளிவதால் ஸ்டியரிங் திருப்பியவுடன் வண்டி திரும்புகிறது. அந்த இன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மழைக்காலத்தில் வெளிவட்டச் சாலையில் தண்ணீர் நிரம்பிய பள்ளம் எது, வெறும் ஈரம் எது என்று இரவில் யாராலும் சொல்ல முடியாது. அறுபது கி.மீ. வேகத்தில் கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது, பக்கச்சுவர் முழுவதுமாக மடங்கி, பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவே நசுங்குகிறது. உள்ளே இருக்கும் பாலியெஸ்டர் இழைகள் அந்த இடத்தில் அறுந்துபோனால், வெளியே வெட்டு எதுவும் தெரியாமலேயே, காற்று ரப்பரை உந்திப் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் போன்ற ஒரு புடைப்பை உண்டாக்குகிறது. புடைத்த டயரைப் பஞ்சர் கடையில் சரிசெய்ய வழியில்லை. மாற்றுவது ஒன்றே வழி. ரிம்மின் உள்விளிம்பு வளைந்திருந்தால் நெடுஞ்சாலையில் நூறைத் தொடும்போது ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும், அதாவது சிறு எடைகளை ஒட்டிச் சக்கரத்தைச் சமன்செய்தாலும், அது போகாது.

எடையைப் பற்றி அலாய் (உலோகக் கலவைச் சக்கரம்) விற்கும் கடைகளில் கேட்டால் சரியான பதில் கிடைப்பது அரிது. ஆகவே கடையில் ஒரு தராசைக் கேட்டு நாமே நிறுத்துப் பார்ப்பது நல்லது. மலிவான வார்ப்பு அலாயில் இரண்டு அங்குலம் ஏறினால் சக்கரம் ஒன்றுக்கு இரண்டு மூன்று கிலோ கூடுவது சாதாரணம். அது சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் எடை. அதோடு, அந்த எடை மையத்திலிருந்து விலகி விளிம்பை நோக்கி நகர்வதால் சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை தேவைப்படுகிறது. என்ஜின் மென்பொருளை மாற்றிக் கூட்டிய சக்தியின் ஒரு பகுதியைக் கனமான சக்கரத்தைச் சுழற்றவே செலவிடுகிற கார்கள் இந்த ஊரில் நிறைய ஓடுகின்றன. வார்த்த ரிம்மைச் சுழற்றியபடி அழுத்தி நீட்டும் ஃப்ளோ ஃபார்மிங் முறையில் செய்த ரிம் எடை குறைவு, உறுதி அதிகம். விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

எவ்வளவு சிறிய ரிம் பொருந்தும் என்பதை, பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் முடிவு செய்கிறது. ஜே.சி. ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் கிருஷ்ணகிரிக்காரர்; அவர் இதைப் பார்க்கும் விதம் எனக்குப் பிடிக்கும். காலிப்பரின் மேற்புறத்திலும் வெளிமுகத்திலும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக ஒட்டி, டயர் இல்லாத வெறும் ரிம்மை மாட்டி, கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றுவார். நசுங்காமல் நிற்கும் களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. "மூணு மில்லியாவது இருக்கணும் சார். பேலன்சிங் வெயிட்டு உள்பக்கம் ஒட்டுவோம்ல, அதுவும் காலிப்பர்ல இடிக்கக் கூடாது" என்பார். ரிம்மின் விட்டம் ஒன்றாக இருந்தாலும் ஆரக்கால்களின் வளைவு வேறுபடுவதால் ஒரு வடிவம் பொருந்தும், இன்னொன்று இடிக்கும் என்பதை இந்தச் சோதனையில்தான் காண முடிகிறது.

அடுத்தது அகலம். அகலமான டயர் போட்டால் தரையைத் தொடும் பரப்பு அந்த அளவுக்கு அப்படியே கூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை பரப்பளவு பெரிதாக மாறுவதில்லை; அதன் வடிவம் அகலமாகவும் குட்டையாகவும் ஆகிறது. வளைவில் இது கைகொடுக்கும். மழையில் அதே டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். டயரின் அகலத்துக்கேற்ற ரிம் அகலமும் வேண்டும்: 225/45 ஆர்17 டயருக்கு 7 முதல் 8.5 அங்குலம் வரை ஏற்கத்தக்கது, 7.5 அங்குலம் இயல்பானது. குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, வளைவில் தளர்ந்து நெளியும். அகலத்துக்காகச் செலவழித்த பணம் வீண்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டப்படும் மையப் பகுதியில்) பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்புறமாக இருக்கிறது என்பதே அது. 7 அங்குல அகலமும் 49 ஆஃப்செட்டும் கொண்ட ரிம்மைக் கழற்றிவிட்டு, 7.5 அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் கொண்டதை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அகலம் கூடியதில் பாதியான 6.35 மி.மீ., ஆஃப்செட் குறைந்த 14 மி.மீ. இரண்டும் சேர்ந்து வெளிவிளிம்பு 20 மி.மீ.க்கு மேல் வெளியே வந்துவிடும். உள்விளிம்பு சஸ்பென்ஷனிலிருந்து ஏழரை மி.மீ. விலகும். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். ஆனால் நான்கு பேர் ஏறி, பெட்டிகளையும் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி வழியாக ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் மட்கார்டின் மடிப்பு டயரின் தோளைச் சீவும். ஸ்டியரிங் சாலையின் சரிவுகளுக்கெல்லாம் இழுபடும். மூல ஆஃப்செட்டிலிருந்து ஐந்து மி.மீ.க்குமேல் விலகாமல் இருப்பது என் வழக்கம். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டுச் சரிசெய்யலாம் என்று சொல்லும் கடைக்காரரிடம் நான் விடைபெற்றுவிடுவேன்.

எடைக் குறியீட்டை மறந்துவிடக் கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 94 என்றால் 670 கிலோ. வி என்பது மணிக்கு 240 கி.மீ., டபிள்யூ என்பது 270 கி.மீ. வரையிலான வேகத் தகுதி. இரண்டிலும் மூல அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. குட்டையான டயர்கள் பல கூடுதல் சுமை வகையாக, எக்ஸ்.எல். என்ற குறியுடன் வருகின்றன. அவற்றின் முழுத் தாங்குதிறன் ஏறத்தாழ 42 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில்தான் கிடைக்கும், சாதாரண டயருக்கு அது 36. ஒரே அழுத்தத்தில் எக்ஸ்.எல். டயர் கூடுதலாக எதையும் தாங்கிவிடாது. ஆகவே கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய காற்றழுத்த அளவையே நிரப்பிக்கொண்டிருந்தால், குட்டையான பக்கச்சுவரைக் கூடுதலாக மடங்க விட்டுப் பள்ளத்துக்குக் காணிக்கையாகக் கொடுப்பதாகிவிடும்.

2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததிலிருந்து, அளவைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த அளவில் என்னென்ன டயர்கள் இங்கே கிடைக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் டயர் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனாலும் அரிதான அளவு ஒன்றைப் போட்டுவிட்டு, ஒரு டயர் வெடித்தால் அதே ரகத்தில் இன்னொன்றுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முன்சக்கரங்களே தாங்கும் காரில், ஈரமான சிக்னலில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வித்தியாசம் காட்டுவது ரப்பரின் கலவைதான். பதினேழு அங்குலத்தில் நல்ல கலவையுள்ள டயர், பதினெட்டில் சுமாரான டயரை எந்த நாளிலும் தோற்கடிக்கும். சென்னை நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்துக்குப் போய் ஓட்டும் ஆசை இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முன்வைத்து, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளுக்குள் நின்று, மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது பின்னால் வரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

கடைசியாக, பொருத்தும் வேலை. ஆக்டேவியாவின் போல்ட்டு வட்டம் 5x112, அதாவது 112 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட்டுகள்; 5x114.3 ரிம்மை "ரெண்டு மில்லிதானே சார்" என்று இறுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள், அதற்கு ஒருபோதும் இடம் கொடுக்கக் கூடாது. வெளிச்சந்தை ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் 73.1 மி.மீ., இந்தக் காரின் ஹப்போ 57.1 மி.மீ.; இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாவிட்டால் நடுக்கம் வரும். இந்தக் காரின் மூல போல்ட்டின் தலைக்கு அடிப்பாகம் உருண்டை வடிவம். வெளிச்சந்தை ரிம்கள் பலவற்றுக்குக் கூம்பு வடிவம் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் இறுகியதுபோல் தோன்றும், ஆனால் விளிம்பில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். காற்றுத் துப்பாக்கியால் முழுவதும் முடுக்க விடாமல், கையால் நட்சத்திர வரிசையில் இறுக்கி, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் 120 நியூட்டன் மீட்டர் வைத்து முடிக்கச் சொல்ல வேண்டும். ஐம்பது நூறு கி.மீ. ஓடிய பிறகு அதே ரெஞ்ச்சால் இன்னொரு முறை பார்க்க வேண்டும். சக்கரங்களின் கோணத்தை நேராக்கும் அலைன்மென்ட்டையும் அன்றே முடித்துக்கொள்ளலாம்.