செவலைக்கு யார் சோறு போடுவார்கள்?

"அங்க அதுக்கு யாரும்மா சோறு போடுவாங்க?"

கோலாலம்பூர் விமான நிலையத்தை ஒட்டிய விலங்குத் தனிமைப்படுத்தும் நிலையத்தில் என் நாய் செவலையை விட்டுவிட்டு, சுங்கை சிப்புட் என்ற ஊரில் வந்து இறங்கிய இரவு அத்தை என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்திருக்கும் மருமகளிடம் பயணம் எப்படி, பசியாறியாச்சா என்று கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். மறுநாளும் கேட்டார். அது வீட்டுக்கு வரும்வரை தினமும் கேட்டார். நாயே வேண்டாம் என்று கல்யாணப் பேச்சின்போதே சொன்னவர் அவர்தான் என்பதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

செவலை சாதி நாய் இல்லை. தெப்பக்குளம் பக்கம் ஒரு மழை நாளில் லாரிக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்த தெருக்குட்டி. அம்மா படுத்த படுக்கையாக இருந்த கடைசி எட்டு மாதமும் கட்டிலுக்கு அடியை விட்டு நகராமல் கிடந்தது. அதை யாரிடமாவது கொடுத்துவிட்டு விமானம் ஏற என்னால் முடியாது என்று கணவராக வரப்போகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கூட்டி வர நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அலைச்சல் உண்டு, ஆனால் முடியாத காரியமில்லை. தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசிச் சீட்டு, மலேசிய அரசின் இறக்குமதி அனுமதி, புறப்படுவதற்கு முந்தைய 7 நாட்களுக்குள் வாங்கிய உடல்நலச் சான்று, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசு விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று. இவை எல்லாவற்றிலும் அதே சிப் எண் இருக்க வேண்டும். உங்களுடையது பிட்புல்லோ அகிதாவோ என்றால் மலேசியாவுக்குள் விடமாட்டார்கள். ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்றவற்றுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. டிக்கெட் போடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கூண்டு விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாய் உள்ளே நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். எங்கள் ஏஜென்ட் கொண்டுவந்த கூண்டில் செவலையின் காது கூரையில் இடித்தது. வேறு கூண்டு வரும்வரை ஒரு நாள் பயணம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று நின்றேன். புதுக் கூண்டை வீட்டில் திறந்தே வைத்து, அம்மாவின் பழைய சேலையை விரித்து, சோறும் அதற்குள்ளேயே வைத்துப் பழக்கினேன். தூக்க மருந்து கூடவே கூடாது என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பறக்கும்போது மூச்சுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆபத்தாம். நாலு மணி நேரப் பயணம். சரக்குப் பகுதியில் அது, மேலே நான்.

ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்து வரும் நாய்கள் நேரே வீட்டுக்குப் போகலாம். இந்தியாவிலிருந்து வந்தால் குறைந்தது 7 நாள் தனிமை. அதில் எனக்கு வருத்தமில்லை. 2012இல் ரேபிஸ் இல்லாத நாடாக அறிவித்துக்கொண்ட மலேசியாவில், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு என்று வடக்கில் அது மறுபடி தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் மனித உயிர்களையே வாங்கியது. பயப்படாமல் எப்படி இருப்பார்கள்? மாமா இதை வேறு விதமாகச் சொன்னார்: "எங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பலேறி வந்தப்ப, பினாங்குகிட்ட ஜெரெஜாக் தீவுல இப்படித்தான் இறக்கி வச்சிருந்தாங்களாம். நோய் இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் தோட்டத்துக்கு விட்டாங்க."

செவலை வந்து சேர்ந்தபோது இளைத்திருந்தது. அதற்குப் புதிதாக இருந்தவற்றில் பாதி எனக்கும் புதிது. சாயங்காலமானால் சுண்ணாம்புக்கல் மலைக்குப் பின்னாலிருந்து கறுத்துக்கொண்டு வரும் மழையும், ஜன்னலை அதிர வைக்கும் இடியும். நாங்கள் இருவரும் மேசைக்கடியில் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. என்னுடைய விசாவில் அப்போது வேலைக்குப் போக வழியில்லை. கணவர் பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலைக்குப் போய்விட்டால், என் பழைய குரலை அறிந்த ஜீவன் இந்த நாட்டில் அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய் முஸ்லிம் அம்மா, பூனைப் பிரியை. முதல் வாரத்திலேயே வேலியோரம் வந்து பொறுமையாகச் சொன்னார்: நாய் மேல் அவர்களுக்கு வெறுப்பில்லை, ஆனால் அதன் எச்சிலோ ஈரமோ பட்டுவிட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். காய்ந்த உடம்பு காய்ந்த உடம்பில் பட்டால் குற்றமில்லை, ஈரம்தான் கணக்கு. அதன் பிறகு மழை விட்ட உடனே செவலையை நடக்கக் கூட்டிப் போவதில்லை. வேலியின் கீழ்ப்பாதிக்குக் கம்பி வலை அடித்தோம். நகராண்மைக் கழகத்தில் நாய் லைசென்ஸும் எடுத்தோம். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

எங்கள் தாமான் என்கிற குடியிருப்பு முடிகிற இடத்தில் செம்பனைத் தோட்டம் தொடங்குகிறது. ஆறாவது மாதம், ஒரு காலையில் செவலை கயிற்றை உருவிக்கொண்டு உள்ளே ஓடியது. திரும்பி வந்தபோது வாயில் ஒரு மெழுகுக் கட்டியின் துண்டு. மிட்டாய் மாதிரி ஏதோ என்றுதான் நான் நினைத்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து அதன் வாயைப் பிளந்து விரலை விட்டுத் தோண்டினார். அதுவரை அவர் அதைத் தொட்டதே இல்லை.

"எலி மருந்து இது. தோட்டத்துல இருந்தப்ப நான் மரத்துக்கு மரம் வச்சிருக்கேன். இன்னைக்கு ஒண்ணும் தெரியாது, நாலு நாள் கழிச்சு ரத்தமா போகும். வண்டிய எடுக்கச் சொல்லு."

ஈப்போவுக்கு 30 கிலோமீட்டர். வழி முழுக்கச் செவலையின் தலை அத்தை மடியில். டாக்டர் வாந்தி எடுக்க வைத்தார். ரத்தம் உறையாமல் செய்கிற விஷம் அது. மாற்று வைட்டமின் கே1. நாலு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும், கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாகச் சேரும் என்றார். இன்னும் ஒரு நாள் பேசாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் வயிறு கலங்குகிறது.

திரும்பும்போது காரில்தான் அத்தை அவர்களுடைய பழைய நாய் வீரனைப் பற்றிச் சொன்னார். தோட்டம் கைமாறி, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சனங்களை எல்லாம் காலி செய்யச் சொன்னபோது அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாம் மாடி வீடு. ஆட்டை விற்றார்கள், கோழியை அறுத்தார்கள், நாயை வாங்க ஆளில்லை. வீரன் லயத்து வாசலிலேயே கிடந்தது. மாமா தினமும் சாயங்காலம் சைக்கிளில் சோறு கொண்டுபோனார். லயத்தை இடித்துத் தள்ளிய பிறகும் கொஞ்ச நாள் மண்மேட்டில் காத்திருந்ததாம். ஒரு நாள் போனபோது இல்லை.

"அதுக்கப்புறம் யாரு சோறு போட்டாங்களோ," என்றார் அத்தை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

மறுநாளிலிருந்து மாத்திரை அவர் பொறுப்பு. நெத்திலிச் சோற்றை நெய் விட்டுப் பிசைந்து, நடுவில் மாத்திரையை வைத்து உருண்டை பிடிப்பார். அதை ஒரு பழைய மங்குக் கிண்ணத்தில் வைத்து, செவலை மென்று விழுங்கும்வரை எதிரே குந்தியிருப்பார். நாலு வாரம் கழித்து ரத்தம் சரியாக உறைகிறது, மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் காலையிலும் அடுப்படியில் நெய் வாசம். அத்தை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.