சேர் கேட்ட மூன்று வரி

எங்கள் பள்ளிக்கூடத்துச் சேர் காலமான செய்தி பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது இங்கே இலண்டனில் நடுச்சாமம். ‘அழியாத கோலங்கள்’ (1979) படமும் இப்படித்தான் தொடங்கும். படிப்பித்த ரீச்சர் இறந்துவிட்டதாகப் பழைய மாணவனுக்குக் கடிதம் வரும். எடுத்தவர் நம் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. ஊர்ப்பாசத்தை ஒதுக்கிவிட்டுச் சொன்னாலும், பொடியன்கள் வேலையற்றுத் திரிவதை அவ்வளவு உண்மையாய்த் தமிழில் காட்டியவர்கள் குறைவு.

நினைவு மலர்க் குழுவினர் அஞ்சலிக் கட்டுரை கேட்டார்கள். அஞ்சலி என்றால் சேருக்கு ஆகாது. ஆகவே படங்களைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்று அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

1978 சூறாவளிக்குப் பிறகு தியேட்டருக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். மழை பிடித்தால் வசனம் கேட்காது. அப்படியொரு மாரி நாளில்தான் பள்ளியை விட்டு நழுவி ‘கர்ணன்’ (1964) மெட்னி பார்த்தோம். மறுநாள் சேர் வரவு இடாப்பைத் திறக்கவில்லை.

“நேற்றுப் படம் பார்த்தவர் எழும்பலாம்.”

கூட வந்தவன் கொப்பிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். நான் எழும்பினேன்.

“அடிக்க மாட்டேன் மனே. பலகையில மூன்று வரி எழுது, என்ன கண்டாய் எண்டு.”

‘சிவாஜியின் நடிப்பு அபாரம். பாடல்கள் இனிமை. போர்க்களக் காட்சிகள் பிரமாண்டம்’ என்று எழுதினேன். எழுத்து முத்து முத்தாய்த்தான் இருந்தது. சேர் ஆறுதலாக வாசித்தார். “இதைப் படம் பார்க்காமலே எழுதலாமே. தியேட்டர் நோட்டீசிலயும் இதுதானே கிடக்கு?”

அழிக்க விடவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த கணித சேர் மிச்ச இடத்தில் சமன்பாடு போட்டார். ‘இனிமை’க்கும் ‘பிரமாண்ட’த்துக்கும் இடையில் ஒரு எக்ஸ் வர்க்கம் போய் உட்கார்ந்தது. இடைவேளைக்குள் செய்தி பரவி, கீழ் வகுப்புப் பொடியன்களெல்லாம் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். பெயர் ‘பிரமாண்டம்’ என்றாகிவிட்டது. இன்றைக்கும் ஒன்றுகூடலில் அப்படிக் கூப்பிடுகிற பேரர்கள் கண்ட கிழவர்கள் இருக்கிறார்கள்.

பத்து நாள் கழித்து நானாகப் போய் ஒரு வரி நீட்டினேன்: ‘தேர்ச்சில்லு புதைந்து, அம்பும் பட்டுக் கிடப்பவனுக்குப் பாட்டு எதற்கு?’

“கூத்தில கர்ணன் பாடிக்கொண்டுதானே சாகிறான்? பிழை. ஆனா இது உன்ட பிழை” என்று கொப்பியில் சரி போட்டார்.

இன்றுவரை நான் விட்டுக்கொடுக்கவில்லை. கூத்தில் அவனே பாடுவான். படத்தில் சீர்காழி பாட, கிருஷ்ணராக வந்த என். டி. ராமராவ் வாயசைக்கிறார். இரண்டும் ஒன்றா?

1985இல் எங்கள் வகுப்பில் பாதி நாட்டை விட்டு வெளிக்கிட்டது. சேர் வெளிக்கிடவில்லை. எந்தப் படம் பார்த்தாலும் மூன்று வரி எழுதுகிற வியாதி மட்டும் என்னோடு விமானம் ஏறியது. அவருக்கு அனுப்பாத வரிகளில் சில இவை.

‘பாதேர் பாஞ்சாலி’ (1955): செத்துப்போன அக்கா களவெடுத்த மாலையை அப்பு குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மறுகா மூடிக்கொள்கிறது. இழவு வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டவேண்டும்.

‘மூன்றாம் பிறை’ (1982): ஸ்டேசன் காட்சிக்கு எல்லோரும் அழுகிறார்கள். கமல் ஒள்ளுப்பம் குறைத்திருந்தால் நானும் அழுதிருப்பேன்.

‘பொன்மணி’ (1977): தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில் எடுத்த தமிழ்ப்படம். மெதுவாய்த்தான் போகும். ஆனால் சீதனத்தையும் சாதியையும் நமக்கே காட்டினார். நாம் ஓடவிடவில்லை.

‘தெனாலி’ (2000): சிரித்தேன். கமல் பேசுவது எந்த ஊர்த் தமிழ் என்று யாழ்ப்பாணத்து நண்பனைக் கேட்டேன். “உங்கட ஊரோ?” என்று அவன் என்னைக் கேட்டான்.

‘வீடு’ (1988): மீண்டும் பாலு மகேந்திரா. கட்டி முடியாத வீட்டின் சுவரைச் சொக்கலிங்க பாகவதர் தடவிப் பார்ப்பார். கல்லடியில் அப்பா கட்டத் தொடங்கிய வீட்டுக்கு நான் இங்கிருந்து காசு அனுப்பினேன். சுவரைத் தடவிப் பார்க்கப் போகவில்லை. இந்தப் படத்துக்கு மூன்று வரியில் நிற்க என்னால் முடியவில்லை. சேர் மன்னிக்கவேண்டும்.

சுனாமிக்கு அடுத்த வருடம் ஊருக்குப் போனபோது சேரைப் பார்த்தேன். வரவில்லையே, கடிதம் போடவில்லையே என்று கேட்பார், அதற்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். “அங்க என்ன படம் பார்த்தாய் மனே?” என்றார். சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தும் இடமெல்லாம் “மறுகா?” என்றார். தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது. தயார் செய்த பதில்களை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

அதன்பிறகு வந்த ‘தீபன்’ (2015) பற்றி அவரிடம் பேசக் கிடைக்கவில்லை. கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய படம். பிரெஞ்சுக்காரர் ஒருவர் எடுத்தாலும், நாயகனாய் நடித்த நம் எழுத்தாளர் ஷோபாசக்தியின் முகம் நம்முடையது. ஒன்றுக்கொன்று தெரியாத மூவர் குடும்பமாய் நடித்து அகதியாகும் முற்பாதி அப்பழுக்கற்றது. பிற்பாதிச் சண்டை வேறு யாருடைய படமோ. கடைசியில் இங்கிலாந்து வருகிறது: தோட்டம், வெயில், கைக்குழந்தை, சிரிப்பு. இத்தனை வருடம் இங்கே கிடக்கிறேன், அந்த வெயிலை எங்கே பிடித்தார்களோ தெரியாது.

சேருக்குக் காட்டியிருந்தால், “இப்பிடியா இரிக்காய் மனே?” என்று கேட்டிருப்பார்.

ஓம் சேர் என்றுதான் சொல்லியிருப்பேன்.