கொஷேன் வரைந்த முகமூடி நடனம்: எங்கே பார்க்க வேண்டும்?

1745 பிப்ரவரி 25 இரவு, பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் நடந்த முகமூடி நடனம் இது. பட்டத்து இளவரசர் லூயிக்கும் ஸ்பெயின் இளவரசி மரியா தெரசா ரஃபயேலாவுக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தின் ஒரு பகுதி. வரைந்தவர் சார்ல் நிக்கொலா கொஷேன். இவரும் தந்தையும் ஒரே பெயர்க்காரர்கள். இவர் மகன் (1715–1790). மையும் நீர்வண்ணமும் கொண்டு வரைந்த அந்தத் தாள் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பலரும் முதலில் ராஜாவைத்தான் தேடுகிறார்கள். பிரெஞ்சு ராஜா பதினைந்தாம் லூயி அன்று, தோட்டத்தில் கத்தரித்துவிட்ட யூ (yew) என்ற ஊசியிலை மரம்போல வேடமிட்டு வந்தார். கூட வந்தவர்களுக்கும் அதே வேடம். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே. ஆகவே ஒரு மரத்தைக் காட்டி 'இவர்தான் ராஜா' என்று யாராவது சொன்னால் அது வெறும் ஊகம். பின்னாளில் ராஜாவின் காதலியாகி, பொம்பதூர் சீமாட்டி என்று பெயர்பெற்ற பெண் இங்கேதான் அவர் கண்ணில் பட்டார் என்ற கதைக்கும் படத்தில் சாட்சி தேட வேண்டாம்.

என்னைக் கேட்டால், கூட்டத்தை விட்டுவிட்டு மேலே பாருங்கள். வளைந்த கூரை, சரவிளக்குகள், வளைவுகள் எல்லாம் தாளில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன! காரணம் இருக்கிறது: அரசவிழாவின் அலங்காரத்தைப் பதிவு செய்வதுதான் கொஷேனுக்கு வேலை. மண்டபம் 73 மீட்டர் நீளம், அகலமோ பத்தரை மீட்டர்தான். 17 ஜன்னல்களுக்கு எதிரே 17 கண்ணாடி வளைவுகள். இவ்வளவு நீண்ட, ஒடுங்கிய இடத்தைத் தாளில் அடக்கும்போது தூரத்து வளைவுகளின் இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் மண்டபம் குட்டையாகிவிடும். கீழே ஜனத்திரளில் மர வேடங்களும் பூதாகரமான தலை மாட்டியவர்களும் தனித்துத் தெரிகிறார்கள். அந்தத் தலைகளைப் பார்த்தால் எனக்கு இன்னும் சிரிப்புதான்.

இதே காட்சிக்குச் செப்புத்தகட்டு அச்சும் உண்டு. தகட்டில் செதுக்கியது தாளில் இடம் வலமாக மாறி விழும்; சரியாக வரவேண்டுமென்றால் செதுக்கும்போதே திருப்பிச் செதுக்க வேண்டும். மண்டபத்தில் தெற்கு நோக்கி நின்றால் ஜன்னல்கள் வலப்பக்கம், கண்ணாடிகள் இடப்பக்கம். எந்தக் கோடியிலிருந்து வரைந்தது என்று தெரியாமல் இதை மட்டும் வைத்து, அச்சு இடம் வலமாக மாறியதா என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நேரில் பார்க்க விரும்புவோருக்கு: இத்தகைய தாள்களை வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கிய வெளிச்சத்தில் சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு, வருடக்கணக்கில் இருட்டில் வைப்பார்கள். வெளிச்சத்தில் வண்ணங்கள் வெளுக்கும். இழந்த நிறம் திரும்பாது. ஆகவே லூவர் சுவரில் எப்போதும் தொங்கும் என்று நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். முதலில் அவர்களுடைய இணையத் தொகுப்பில் தேடிப் பாருங்கள்.